மறைத்த இடமும் விற்ற மரமும்: வொல்லெமி பைன் பாதுகாப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட பொருள்

அரிய தாவரம் ஒன்று புதிதாகக் கண்டறியப்படும்போது, அது வளரும் இடத்தை யாரிடம் சொல்லலாம் என்ற கேள்வியும், அதன் விதையையோ தண்டுத் துண்டையோ யாரிடம் கொடுக்கலாம் என்ற கேள்வியும் ஒரே நேரத்தில் எழுகின்றன. இரண்டையும் ஒரே கேள்வியாக எண்ணி, இரண்டையும் பூட்டி வைப்பது அல்லது இரண்டையும் திறந்துவிடுவது என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட வொல்லெமி பைன் விஷயத்தில் அவ்வாறு நடக்கவில்லை. இடம் மறைக்கப்பட்டது, மரமோ உலகம் முழுவதும் விற்பனைக்கு வந்தது. எதிரெதிரான இந்த இரு முடிவுகளும் 25 ஆண்டுகளுக்கு மேலாக எப்படிச் சோதிக்கப்பட்டன என்பதே இந்த ஆய்வின் பொருள். இதில் ஈடுபட்டவர்கள் அவரவர் வகித்த பொறுப்பைக் கொண்டே குறிப்பிடப்படுகிறார்கள்.

பின்னணி

சிட்னிக்கு வடமேற்கே உள்ள மணற்கல் மலைப்பகுதியில், சுமார் 5 லட்சம் ஹெக்டேர் பரப்பில் விரிந்திருப்பது வொல்லெமி தேசியப் பூங்கா. மேலே நின்று பார்த்தால் யூகலிப்டஸ் காடும் வறண்ட பாறையும்தான் தெரியும். ஆனால் ஓடைகள் மணற்கல்லை அறுத்து உண்டாக்கிய ஆழமான, குறுகிய பள்ளத்தாக்குகளின் அடியில் ஈரமும் நிழலும் ஆண்டு முழுவதும் தங்குகின்றன. மேட்டில் தீ எரிந்து போகும் ஆண்டுகளிலும் பள்ளத்தின் அடியில் குளிர்ந்த மழைக்காட்டுத் தாவரங்கள் பிழைத்துக்கொள்வதற்கு இந்த நில அமைப்பே காரணம். ஒரு தாவரம் அங்கே ஒளிந்திருந்து நீண்ட காலம் தப்பியது என்றால், அதற்குச் செடியின் வலிமை எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு அந்தப் பள்ளத்தின் வடிவமும் காரணம். பின்னால் நடந்த அனைத்தையும் புரிந்துகொள்ள இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வொல்லெமி பைன், அரோகேரியேசி என்னும் பழமையான ஊசியிலைத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் அகதிஸ், அரோகேரியா ஆகிய இரண்டு பேரினங்கள் மட்டுமே உயிருடன் இருப்பதாக அதுவரை அறியப்பட்டிருந்தது, இது மூன்றாவது. இம்மரத்தின் மகரந்தத்தை ஒத்த புதைபடிவங்கள் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகள் முதல் கிடைத்திருக்கின்றன. அதாவது, புதைபடிவ அறிவியலுக்கு மகரந்தம் தெரிந்திருந்தது. அதை உதிர்த்த மரம் தெரியாமல் இருந்தது.

கண்டறிதலும் முதல் அவதானிப்புகளும்

1994 செப்டம்பரில், பூங்கா நிர்வாகத்தில் பணியாற்றிய வன அலுவலர் ஒருவர் இரண்டு தோழர்களுடன் கயிறு கட்டி ஒரு பள்ளத்தாக்கில் இறங்கியபோது, தமக்குப் பழக்கமில்லாத மரங்களைக் கண்டார். கீழே உதிர்ந்து கிடந்த இலைக்கிளை ஒன்றை எடுத்து வந்தார். முதலில் அதைப் பார்த்த தாவர அறிஞர் அது ஏதேனும் பெரணியாக இருக்கலாம் என்று கருதியதாகப் பதிவுகள் கூறுகின்றன. அந்தத் தவறு வியப்பிற்குரியதன்று. தட்டையான நீண்ட இலைகள் வரிசையாக அமைந்த கிளைத் துண்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது 40 மீட்டர் உயரம் வரை வளரும் மரத்தின் பகுதி என்று யாரும் எண்ணிவிட முடியாது. மேலும் மாதிரிகள் வந்த பிறகே இது பெயரிடப்படாத பேரினம் என்பது உறுதியாயிற்று. 1995ஆம் ஆண்டு இதற்கு முறையான அறிவியல் விவரிப்பு வெளியானது.

அருகில் சென்று பார்த்தவர்கள் முதலில் குறித்துக்கொண்டது பட்டையைத்தான். கரும்பழுப்பு நிறத்தில், கொதிக்கும் வெல்லப்பாகு அப்படியே உறைந்துவிட்டதைப் போல, தண்டு முழுவதும் குமிழ் குமிழாகப் புடைத்திருக்கும். கிளைகளின் நடத்தையும் வேறுபட்டது. தண்டிலிருந்து புறப்படும் கிளை மேலும் கிளைப்பதில்லை. அதன் நுனியில் கூம்பு ஒன்று உருவாகும். கூம்பின் காலம் முடிந்ததும் கிளை முழுவதுமாகக் காய்ந்து உதிர்ந்துவிடும். மரத்தடியில் முழுக் கிளைகளாகவே சருகு குவிவதற்குக் காரணம் இதுதான்.

பாதுகாப்பு முடிவுகளுக்கு அடிப்படையாக அமைந்தவை வேறு மூன்று அவதானிப்புகள். முதலாவது, எண்ணிக்கை. அருகருகே சில சிறு கூட்டங்களாக இருந்த முதிர்ந்த மரங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் 100க்கும் குறைவு. இரண்டாவது, அடிமரத்திலிருந்து புதிய தண்டுகள் துளிர்க்கும் இயல்பு. ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் எழுவதால், தண்டுகளை எண்ணி மரங்களின் எண்ணிக்கையைச் சொல்ல இயலவில்லை. ஒரு தண்டு சாய்ந்தாலும் மரம் சாவதில்லை என்பதும் இதிலிருந்து தெரிந்தது. மூன்றாவது, மரபணு ஒருமை. அன்று கையிலிருந்த ஆய்வு முறைகளில் ஒரு மரத்துக்கும் மற்றொரு மரத்துக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ எதுவுமே தென்படவில்லை. ஒரு மரத்தைக் கொல்லக்கூடிய நோய் எல்லா மரங்களையும் கொல்லக்கூடும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

நாற்றுகள் இருந்தன; ஆனால் மற்ற மழைக்காட்டு மரங்களின் அடர்ந்த நிழலில் அவை மிக மெதுவாகவே வளர்ந்தன. மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வரும்வரை அவை காத்திருக்க வேண்டிய நிலை.

முதல் முடிவு: இடத்தை வெளியிடாமை

1994 இறுதியில் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது மரத்தைப் பற்றிய விவரங்கள் தரப்பட்டன. பள்ளத்தாக்கின் இருப்பிடம் தரப்படவில்லை. 1998ஆம் ஆண்டு வெளியான மீட்புத் திட்டமும் இதையே தொடர்ந்தது. ஆய்வுக்காகச் செல்பவர்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது; காலணிகளையும் கருவிகளையும் கிருமி நீக்கம் செய்த பிறகே உள்ளே இறங்க வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. மரத்தில் ஏறினால் பட்டையும் வேர்ப்பகுதியும் சேதமடையும் என்பதால், ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் தொங்கியபடி ஒருவர் மரத்தின் உச்சியிலுள்ள பெண் கூம்புகளைப் பறிக்கும் முறையும் பின்பற்றப்பட்டது.

திருட்டைத் தடுப்பது இதன் ஒரு நோக்கம். ஆனால் என் கணிப்பில் அது இரண்டாம் நோக்கமே. முதன்மையான அச்சம் கால்தடங்களைப் பற்றியது. ஆஸ்திரேலியாவின் பல காடுகளில் பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர் வேரழுகலை உண்டாக்கிப் பெரும் பரப்பில் மரங்களைக் கொன்றிருப்பது அறியப்பட்டிருந்தது. பூஞ்சை போலத் தோன்றினாலும் இது நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது. இதன் வித்துகள் நீரில் நீந்திச் செல்லும். காலணியில் ஒட்டிய ஈர மண் போதும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு இது சென்றுவிட. ஓடை ஓடும் பள்ளத்தாக்கைவிட இதற்கு வாய்ப்பான இடம் வேறு இருக்க முடியாது. பார்க்க வருபவர் எவ்வளவு நல்ல எண்ணத்துடன் வந்தாலும் அவருடைய காலணிக்கு அந்த எண்ணம் தெரியாது.

மறைத்து வைப்பதற்கு ஒரு விலையும் இருந்தது. வேலி, அறிவிப்புப் பலகை, நிலையான காவல் ஆகியவை அனைத்தும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அவற்றைப் பயன்படுத்த இயலவில்லை. யாராவது வந்து போனார்களா என்பது, வந்து போனதன் விளைவு தெரியும்போதுதான் தெரியும்.

இரண்டாவது முடிவு: மரத்தை விற்பனைக்குக் கொண்டுவருதல்

உலகமே பார்க்க விரும்பும் ஒரு மரத்தின் இடத்தை மட்டும் மறைத்துவிட்டு, மரத்தையும் கிடைக்காமல் செய்தால், கிடைக்கும் ஒரே இடமாக அந்தப் பள்ளத்தாக்கே எஞ்சும். இந்த எளிய கணக்கே இரண்டாவது முடிவுக்கு அடிப்படை. மரத்தைப் பெருக்கி விற்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வனத்துறை நாற்றங்காலும் தனியார் பங்காளி ஒருவரும் பொறுப்பேற்றனர். விற்பனையில் ஒரு பங்கு பாதுகாப்புப் பணிக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை.

பெருக்கும் வேலை உடனே கைகூடவில்லை. விதைகள் குறைவாகவே கிடைத்தன. எனவே தண்டுத் துண்டுகளை வேரூன்றச் செய்யும் முறை முக்கியமாயிற்று. இக்குடும்பத்து மரங்களில், பக்கக் கிளையிலிருந்து எடுத்த துண்டு வேரூன்றினாலும் பக்கவாட்டிலேயே வளர முற்படும் இயல்பு உண்டு. நிமிர்ந்த மரம் வேண்டுமானால் நிமிர்ந்து வளரும் துளிரிலிருந்து துண்டு எடுக்க வேண்டும்; அத்தகைய துளிர்கள் ஒரு தாய்ச்செடியில் சிலவே இருக்கும். நம்பகமான இருப்பு உருவாக ஆண்டுகள் ஆனதற்கு இதுபோன்ற தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு.

இடைப்பட்ட காலத்தில் தாவரவியல் பூங்காக்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட கன்றுகள் எஃகுக் கூண்டுக்குள் நின்றன. 2005 அக்டோபரில், முதல் தொகுதியாக 292 மரங்கள் சிட்னியில் ஏலம் விடப்பட்டு, 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் திரட்டப்பட்டது. 2006இல் பொது விற்பனை தொடங்கியது. பின்னர் வேறு நாடுகளுக்கும் கன்றுகள் சென்றன. யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய செடிக்குக் கூண்டு தேவையில்லாமல் போயிற்று.

இந்த விற்பனையால் திருட்டு எவ்வளவு குறைந்தது என்பதை அளவிட வழியில்லை. நடக்காத திருட்டை யாரும் எண்ண முடியாது. ஆனாலும் செடியைப் பெறுவதற்காகப் பள்ளத்தாக்கைத் தேடிச் செல்ல வேண்டிய காரணம் யாருக்கும் இல்லாமல் போயிற்று என்று சொல்லலாம். பார்ப்பதற்காகத் தேடிச் செல்லும் ஆவல் மட்டும் எஞ்சியது. அடுத்த நிகழ்வு காட்டுவதைப்போல, அந்த எச்சமே போதுமானதாக இருந்தது.

2005 நவம்பர்: வேரழுகல்

ஏலம் நடந்து ஒரு மாதம்கூட ஆகியிராத நிலையில், காட்டிலிருந்த மரங்களில் பைட்டோப்தோரா தொற்று இருப்பது உறுதிசெய்யப்பட்டது. அனுமதியின்றி வந்து சென்றவர்களே இதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் கருத்து. விலங்குகளின் கால்களும் ஓடை நீரும்கூட இதைச் சுமக்கக்கூடியவை என்பதால், இதை ஐயமற்ற முடிவாக எடுத்துக்கொள்வதைவிட மிகவும் வாய்ப்புள்ள விளக்கமாக எடுத்துக்கொள்வதே சரி.

இந்த நுண்ணுயிர் ஒருமுறை மண்ணில் நிலைத்துவிட்டால் இயற்கைக் காட்டில் அதை வெளியேற்ற வழியில்லை. எனவே முடிவு எடுக்க வேண்டியிருந்தது ஒழிப்பைப் பற்றியன்று, தாமதப்படுத்துவதைப் பற்றியே. மரத்தின் எதிர்ப்புத் திறனைத் தூண்டக்கூடிய பாஸ்பைட் மருந்து கையாளப்பட்டது. உள்ளே செல்வதற்கான கட்டுப்பாடுகள் மேலும் இறுக்கப்பட்டன. தொற்று இல்லாத பகுதிகளுக்கும் தொற்றுள்ள பகுதிக்கும் இடையே ஆட்களும் கருவிகளும் நகரும் முறை ஆய்வுக்கு உள்ளாயிற்று. மரங்கள் ஒட்டுமொத்தமாக மடியவில்லை. ஆனால் இடத்தை மறைப்பது ஒரு தடுப்பு மட்டுமே, காவல் ஆகாது என்பது இந்தக் கட்டத்தில் தெளிவாயிற்று.

மாற்றிடத்தில் நடவு

தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் மரங்கள் இருப்பதால் இனம் அழியாது என்ற வாதம் இக்காலத்தில் அடிக்கடி எழுந்தது. இனம் அழியாது என்பது சரி. ஆனால் தோட்டத்து மரம் மற்ற மழைக்காட்டு மரங்களோடு வெளிச்சத்துக்குப் போட்டியிடுவதில்லை. அதன் வேரோடு வாழும் மண் நுண்ணுயிர்கள் வேறு. அதன் விதை விழும் இடம் புல்தரை. காட்டில் தானாகப் பிறந்து, தானாக வளர்ந்து, மறுபடியும் விதை உதிர்க்கும் கூட்டம் ஒன்று பள்ளத்தாக்குக்கு வெளியே எங்கும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக, இயற்கைக் கூட்டங்களிலிருந்து விலகிய, தொற்று இல்லாத, குளிர்ந்த இடம் ஒன்றில் 2012ஆம் ஆண்டு சோதனை நடவு செய்யப்பட்டது. அதில் கிடைத்த முக்கியமான அறிவு வெளிச்சத்தைப் பற்றியது. உயர்ந்த மரக்கிளைகளாலான மேல்கூரை சற்றே திறந்திருந்த இடங்களில் நட்ட கன்றுகள் அடர்ந்த நிழலில் நட்டவற்றைவிடத் தெளிவாக நன்றாக வளர்ந்தன. இயற்கைக் கூட்டத்தில் நாற்றுகள் நிழலில் கிடந்ததைப் பார்த்து, இம்மரம் நிழலை விரும்புவது என்று எண்ணியிருந்தால் நடவு முழுவதும் தவறான இடங்களில் அமைந்திருக்கும். ஒரு செடி எஞ்சியிருக்கும் இடம் அதற்கு ஏற்ற இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; அதை அழிப்பவை எட்டாத இடமாக மட்டும் இருக்கலாம். 2019இல் மேலும் பெரிய அளவில் நடவு நடந்தது.

2019–2020: தீ

ஆஸ்திரேலியாவின் வானிலைப் பதிவுகளில் 2019 மிக வெப்பமான ஆண்டு, மிக வறண்ட ஆண்டும்கூட. அக்டோபர் இறுதியில் பூங்காவின் கோஸ்பர்ஸ் மலைப்பகுதியில் மின்னலால் பற்றிய தீ, வாரக்கணக்கில் பரவி 5 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பை எரித்தது. தொடர் வறட்சியால், வழக்கமாக ஈரமாக இருக்கும் பள்ளத்தின் சருகும் காய்ந்திருந்தது. நீண்ட காலமாக மரங்களைக் காத்த நில அமைப்பு இம்முறை காக்கும் என்று நம்ப இயலாத நிலை உருவாயிற்று.

தீயணைப்புத் துறைக்கும் பூங்கா நிர்வாகத்துக்கும் முன்னால் இருந்த தேர்வு எளிதன்று. மாநிலம் முழுவதும் வீடுகளும் உயிர்களும் ஆபத்தில் இருந்த நேரத்தில், விமானங்களையும் பயிற்சி பெற்றவர்களையும் மனிதர் வசிக்காத ஒரு பள்ளத்தாக்குக்கு அனுப்புவதை நியாயப்படுத்த வேண்டும். அவ்வாறே அனுப்பினார்கள். சிறப்புப் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு, ஓடை நீரைக் கொண்டு மரத்தடியை நனைக்கும் பாசன அமைப்பை நிறுவினார்கள். பெரிய விமானங்கள் பள்ளத்தாக்கைச் சுற்றித் தீத்தடுப்புத் திரவத்தைக் கொட்டின. தீ நெருங்கியபோது ஹெலிகாப்டர்கள் அதன் முனையில் நீர் ஊற்றின. வெளியிலிருந்து மண்ணோ கிருமியோ வரக்கூடாது என்ற பழைய விதியை இந்த அவசரத்திலும் கைவிட இயலாது என்பது இப்பணியின் கூடுதல் சுமை. பணி நடந்துகொண்டிருந்தபோது எதுவும் அறிவிக்கப்படவில்லை; 2020 ஜனவரி நடுவில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

தீ உள்ளே நுழையவே செய்தது. முதிர்ந்த மரங்கள் சில கருகின. ஆனால் பெரும்பாலானவை பிழைத்தன. அடிமரத்திலிருந்து துளிர்க்கும் இயல்பு இங்கே கைகொடுத்தது. சிறு கன்றுகளும் நாற்றுகளும் அவ்வளவு தாங்கவில்லை. தீக்குச் சற்று முன்னர் மாற்றிடங்களில் நடப்பட்ட கன்றுகளிலும் பெரும்பகுதி அழிந்தது.

தொடர்ந்து நடந்தவை

2021இல் மாநில அரசு, தலைமுறைகள் தாண்டிய முக்கியத்துவம் வாய்ந்த சொத்து என்ற புதிய சட்டப் பிரிவை உருவாக்கி, அப்பிரிவில் முதலாவதாக வொல்லெமி பைனின் வாழிடத்தை அறிவித்தது. அத்துமீறி நுழைபவர்களுக்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. தீயில் அழிந்த கன்றுகளுக்கு ஈடாக மறுபடியும் நடவு நடந்தது.

தோட்டத்து மரங்களின் பயனும் எதிர்பாராத ஒரு வழியில் வெளிப்பட்டது. 2020 முதல், தங்கள் தோட்டத்திலுள்ள வொல்லெமி பைனின் அளவையும் நிலையையும் தெரிவிக்குமாறு பொதுமக்களைக் கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. பல நாடுகளிலிருந்து விவரங்கள் வந்தன. ஒரு பள்ளத்தாக்கை மட்டும் வைத்து ஊகிக்க முடியாத செய்தி, அதாவது இம்மரம் எவ்வளவு குளிரையும் வெப்பத்தையும் தாங்கும் என்பது, வாங்கி நட்டவர்களின் வீட்டுத் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. நுண்ணிய மரபணு முறைகள் வந்தபின், முன்பு ஒன்றுபோலத் தெரிந்த மரங்களுக்கிடையிலும் சிறு வேறுபாடுகளைப் பிரித்தறிய முடிந்தது. அதன் அடிப்படையில் தேர்ந்தெடுத்த 170க்கும் மேற்பட்ட கன்றுகள் சிட்னியிலிருந்து இங்கிலாந்தின் பெட்ஜ்பரி மர வளாகத்துக்கு அனுப்பப்பட்டு, 2023இல் ஐரோப்பியத் தாவரவியல் பூங்காக்கள் பலவற்றில் நடப்பட்டன.

மீண்டும் செய்வதானால் மாற வேண்டியவை

இடத்தை மறைத்த முடிவை நான் மாற்றமாட்டேன். ஆனால் என்றாவது அது உடையும் என்ற எண்ணத்தோடு முதல் நாளிலிருந்தே திட்டமிடுவேன்: இடத்தைக் காட்டிக்கொடுக்காத கண்காணிப்புக் கருவிகள், குறித்த இடைவெளிகளில் மண் பரிசோதனை, தொற்று கண்டவுடன் யார் என்ன செய்வது என்ற எழுத்து நடைமுறை. தொற்று வந்தபின் இவற்றை உருவாக்குவதற்கும், வருவதற்கு முன்பே கையில் வைத்திருப்பதற்கும் இடையிலான வேறுபாடு, ஒரு பகுதி பாதிக்கப்படுவதற்கும் எல்லாப் பகுதிகளும் பாதிக்கப்படுவதற்கும் இடையிலான வேறுபாடாக அமையக்கூடும்.

விற்பனை முடிவையும் மாற்றத் தேவையில்லை. அதன் வரிசையை மாற்றலாம். விற்பனைக்காகப் பெருக்கும் மரங்கள் எளிதில் வேரூன்றும் தாய்ச்செடிகளிலிருந்தே மிகுதியாக வரும். அது நாற்றங்காலின் இயல்பு, அதைக் குறை சொல்ல முடியாது. எந்தத் தாய்ச்செடியிலிருந்து எந்தக் கன்று என்ற பதிவோடு கூடிய, எல்லாத் தாய்மரங்களையும் உள்ளடக்கிய பாதுகாப்புத் தொகுப்பு முதலில் பல இடங்களில் நிலைபெற்று, அதன்பின் விற்பனை தொடங்கியிருந்தால், 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. வேறுபாடு இல்லை என்று கருதப்பட்ட காலத்திலும் இந்தப் பதிவுக்கு அதிகச் செலவு ஆகியிருக்காது. கருவிக்குத் தெரியாத வேறுபாட்டை இல்லாத வேறுபாடு என்று எடுத்துக்கொண்டதே தாமதத்துக்கு வழிவகுத்தது.

மாற்றிட நடவில்தான் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு. கண்டறிந்து 18 ஆண்டுகள் கழித்தே அது தொடங்கியது. 1990களின் இறுதியில் தொடங்கியிருந்தால், 2019 தீ வந்தபோது அம்மரங்கள் கருகி மடியும் கன்றுகளாக இருந்திருக்காது, அடியிலிருந்து துளிர்க்கக்கூடிய பருவத்தை எட்டியிருக்கும். நடவு இடங்களை ஒரே தீயின் எல்லைக்குள் அமையாதபடி தொலைவாகப் பிரித்திருக்கவும் வேண்டும்.

இதில் இன்னும் தீராத ஒரு முரண் உண்டு. கன்றுகள் வேகமாக வளர வேண்டுமானால் மேல்கூரை திறந்த, வெளிச்சம் விழும் இடம் வேண்டும். அத்தகைய இடத்தில் தரை விரைவில் காயும். சருகு விரைவில் பற்றும். அடர்ந்த நிழலில் நட்டால் தீயின் ஆபத்து குறையும், ஆனால் தீயைத் தாங்கும் பருமனை மரம் எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அடுத்த நடவைத் திட்டமிடுபவர்கள் ஒவ்வோர் இடத்திலும் இந்த இரண்டில் எதை ஏற்பது என்று தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஓடையோரம் இயல்பாகவே திறப்பு உள்ள இடங்களையும், வறண்ட ஆண்டுகளில் மட்டும் இயக்கக்கூடிய பாசன அமைப்பையும் சேர்த்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்ததாக எனக்குப் படுகிறது. ஆனால் ஓடையோரம் என்றால் நீரில் நீந்தி வரும் வேரழுகல் வித்துகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனவே ஓடையின் மேற்பகுதியில் யாரும் நடமாடாத இடமா என்பதே அங்கே முதலில் பார்க்க வேண்டியது.